கை பொறுக்கும் சூடு

பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் இந்தத் திருவண்ணாமலை ஊரே காலைச் சற்று இழுத்துத்தான் நடக்கிறது. இரவு முழுக்க வெறுங்காலில் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றிக் கிரிவலம் வந்தவர்கள், பேருந்துப் படியில் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார்கள். ரயிலடியில் ஒருவர் கெண்டைக்காலை இன்னொருவர் பிடித்துவிடுகிறார். டீக்கடை பெஞ்சிலிருந்து எழுந்திருக்கும் பெரியவர் "அருணாசலா" என்கிறார். பக்தியும் வலியும் ஒரே மூச்சில் வருகின்றன.

பகலில் தார்ச்சாலை கொதிக்கும் என்பதால்தான் பெரும்பாலோர் இரவில் சுற்றுகிறார்கள். இந்திர லிங்கத்திலிருந்து ஈசான்ய லிங்கம் வரை எட்டு இடங்களில் நின்று கும்பிடுகிறார்கள். அடிஅண்ணாமலை வரும்வரை பேச்சும் பாட்டுமாக இருந்த கூட்டம், குபேர லிங்கத்தை நெருங்கும்போது அமைதியாகிவிடும். ஆண்டு முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்த கால்கள் அவை. அன்றைக்குக்கூட வலி அவ்வளவாகத் தெரியாது. அடுத்த நாள் ஆரம்பித்து, அதற்கும் மறுநாள்தான் உச்சத்துக்குப் போகும். மாடிப்படி இறங்கும்போது தொடை நடுங்கும்.

இந்த வலிக்குத் தசையில் சேரும் பால் அமிலம்தான் காரணம் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். அந்த அமிலம் நடையை நிறுத்திய சிறிது நேரத்திலேயே ரத்தத்தோடு போய்விடுகிறது. மறுநாள் வலிப்பது, பழக்கமில்லாத உழைப்பில் தசைநார்கள் நுண்ணிய அளவில் சிதைந்து, உடல் அவற்றைச் செப்பனிடும்போது உண்டாகும் வீக்கத்தால். ஒரு நாளிலிருந்து மூன்று நாள் வரை ஏறி, பிறகு தானாகவே இறங்கும். எதுவும் செய்யாவிட்டாலும் நாலைந்து நாளில் போய்விடும்.

அப்படியானால் வீட்டில் நாம் செய்வதெல்லாம் எதற்கு? இந்தக் குறிப்புகளை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்வியால்தான்.

*

எங்கள் ஆயா ஒத்தடம் கொடுப்பதை முதலில் எழுதிவைக்கிறேன்.

இரும்புச் சட்டியில் இரண்டு பிடி நெல் தவிடு, ஒரு பிடி கல்லுப்பு. தவிடு மணம் வரும்வரை வறுபடும். உப்பு படபடவென்று வெடிக்கும். பழைய வேட்டிக் கிழிசலில் கொட்டி, முடிந்து, குமிழ் போலப் பிடித்துக்கொள்வார். வலிக்கிற காலில் உடனே வைக்க மாட்டார். முதலில் தன் புறங்கையில் வைப்பார். சற்று நேரம் எதுவும் பேசாமல் இருப்பார். "கை பொறுத்தாத்தான் கால் பொறுக்கும்" என்பார். பிறகுதான் கெண்டைக்காலில் ஒற்றி எடுப்பார். ஒற்றி எடுப்பதுதான், அழுத்தி வைத்துவிடுவது கிடையாது. முடிப்பு ஆறினால் மறுபடி சட்டிக்குப் போகும்.

அந்தச் சூட்டில் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, இறுகிய தசை நெகிழ்கிறது. இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. தெரியாத இன்னொரு கணக்கும் உண்டு. 1965இல் ரொனால்ட் மெல்ஸாக், பாட்ரிக் வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள், முதுகுத்தண்டில் வலிக்கு ஒரு வாசல் இருப்பதாக ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். தொடுதலும் தேய்த்தலும் வேறு நரம்புகள் வழியாக வந்து அந்த வாசலைச் சற்றுச் சாத்துகின்றன. வலிச் செய்தி குறைவாகவே மூளைக்குப் போய்ச் சேர்கிறது. முழங்கையை இடித்துக்கொண்டதும் நம் கை தானாக அங்கே போய்த் தேய்ப்பது இதனால்தான். 2021இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும் பெற்றார்கள். ஜூலியஸ் மிளகாயின் காரத்தை வைத்து, உடலில் சூட்டை உணரும் வாயில் எது என்று கண்டுபிடித்தார். படபூட்டியன் அழுத்தத்தை உணரும் வாயிலைக் கண்டுபிடித்தார். சூடும் தொடுதலும். தவிட்டு முடிப்பில் இருப்பவை இந்த இரண்டும்தான். ஆயாவின் புறங்கையையும் சேர்த்து எண்ணிக்கொள்கிறேன்.

வலி தானே தீரும் நாட்களை நாம் எப்படிக் கழிக்கிறோம் என்பதில்தான் வீட்டு வைத்தியத்தின் பெரும்பகுதி இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. தனியாகக் கிடந்து கழிக்கலாம். ஒருவர் கை பட்டும் கழிக்கலாம். நாலாம் நாள் இருவர் கால்களும் சரியாகிவிடும். இடைப்பட்ட மூன்று இரவுகள் ஒரே மாதிரி இருக்காது.

*

சுளுக்குக்குப் புளிப்பற்று. புளியைக் கரைத்து, உப்புப் போட்டு, குழம்பு பதத்துக்குக் கொதிக்கவைத்து, வெதுவெதுப்பானதும் கணுக்காலைச் சுற்றிப் பூசுவது. காயக் காய இறுகிப் பிடிக்கும். அசைத்தால் தோல் இழுக்கும். அதனால் அசைக்க மாட்டோம். தரையெல்லாம் ஒட்டும் என்று எழுந்து நடக்கவும் விடமாட்டார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்தால் ரத்தச் சிவப்பாகும் பற்றும் இந்த வேலையைத்தான் செய்கிறது. சுண்ணாம்பு கூடினால் தோல் புண்ணாகும் என்பதால் எனக்குப் புளியே பிடிக்கும்.

பற்றுக்குள் இருக்கும் பெரிய மருந்து ஓய்வு என்று நினைக்கிறேன். "சும்மா உக்காரு" என்றால் எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் உட்கார மாட்டார்கள். பற்றுப் போட்டிருக்கிறது என்றால் உட்காருவார்கள். வீட்டில் மற்றவர்களும் வேலை சொல்ல மாட்டார்கள். காலில் கருஞ்சிவப்பாகக் காய்ந்திருக்கும் அந்தப் புளி, ஒருத்திக்கு இரண்டு நாள் விடுப்பு வாங்கிக்கொடுக்கிறது.

ஒன்றைச் சேர்த்து எழுத வேண்டும். கால் பிசகி வீங்கிய முதல் ஒன்றிரண்டு நாளில் சூட்டு ஒத்தடம் வேண்டாம். அப்போது குளிர்ச்சிதான் நல்லது: துணியில் சுற்றிய பனிக்கட்டி, இல்லாவிட்டால் பானைத் தண்ணீரில் நனைத்த துண்டு. சூடு அதற்குப் பிறகு. நாலு அடிகூட ஊன்ற முடியவில்லை, எலும்பைத் தொட்டால் துடிக்கிறது என்றால் புளியைக் கரைக்கவே வேண்டாம். எக்ஸ்ரே எடுக்கப் போக வேண்டும்.

*

நொச்சி.

வேலியோரத்திலும் ஓடைக்கரையிலும் கேட்பாரில்லாமல் வளர்வது. ஒரு காம்பில் மூன்று இலை, சிலவற்றில் ஐந்து. அடிப்பக்கம் சாம்பல் பூத்தது போல வெளுத்திருக்கும். கசக்கினால் மூக்கைத் திறக்கும் ஒரு காட்டமான வாசனை. நெல் மூட்டைக்குள் பூச்சி வராமலிருக்க இதன் இலையைப் போட்டுவைப்பார்கள். பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு வலி தீர ஊற்றும் தண்ணீரில் இது கொதிக்கும். தலைபாரத்துக்கு வேது பிடிக்கவும் இதுதான். காய்ந்த இலையைத் துணிப்பையில் அடைத்துத் தலைக்கு வைத்துப் படுப்பார்கள்.

கிரிவலக் கால்வலிக்கு நான் நம்புவது இதையே. பெரிய பாத்திரத்தில் இரண்டு கை நொச்சி இலை போட்டுக் கொதிக்கவைத்து, உப்புச் சேர்த்து, பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் கால் இரண்டையும் விட்டு உட்கார்ந்திருப்பது. தண்ணீர் ஆறும்வரை வேறு வேலை எதுவும் செய்ய முடியாது. அதில் பாதிப் பலன் வெந்நீருடையது. மீதியில் எவ்வளவு இலைக்கு, எவ்வளவு அந்த உட்கார்ந்திருத்தலுக்கு என்று நான் பிரித்துப் பார்ப்பதில்லை. நொச்சி இலைச்சாறு வீக்கத்தைக் குறைப்பதை ஆய்வகங்களில் விலங்குகளிடம் காட்டியிருக்கிறார்கள். மனிதரிடம் அதே அளவு உறுதியாகக் காட்டப்பட்டதாகச் சொல்லிவிட முடியாது. வெந்நீரில் கால் வைத்து உட்காருவதற்கு அந்த உறுதி தேவையும் இல்லை.

*

முடக்கத்தான் தோசை இந்தப் பக்கத்து வீடுகளில் மருந்தாகவும் பலகாரமாகவும் இருக்கிறது. கீரைக்காரம்மா கூடையில் காற்றடைத்த பச்சைப் பலூன் போன்ற காய்களோடு கொடியே வந்துவிடும். இளந்தளிராக ஒரு பிடி ஆய்ந்து, ஊறிய அரிசியோடு அரைத்து, மாவைப் புளிக்கவிட்டு ஊற்றினால் லேசான கசப்போடு பச்சைத் தோசை. ரசத்திலும் போடுவார்கள். அதிகமாகப் போட்டால் வயிறு இளகும். அதனால் ஒரு பிடிக்கு மேல் போவதில்லை.

பிரண்டைக்குப் பொறுமை வேண்டும். நார் உரிக்கும்போது கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளாவிட்டால் அரிப்பு எடுத்துவிடும். அதற்குள் இருக்கும் ஊசி போன்ற ஆக்ஸலேட் படிகங்கள் அந்த வேலையைச் செய்கின்றன. நன்றாக வதக்கி, புளியும் மிளகாயும் உளுந்தும் சேர்த்து அரைத்தால் நாக்கு அரிக்காது. எலும்புக்கு நல்லது என்று சொல்லிச் சொல்லியே எனக்கு ஊட்டினார்கள். இன்று அந்தக் காரணத்துக்காக மட்டும் சாப்பிடுவதில்லை. சூடான சோற்றில் நெய் விட்டுப் பிரண்டைத் துவையல் பிசைந்து சாப்பிடுவது சுகம்.

மூட்டு தேய்ந்த ஒருவருக்கு ஒரு கீரை முழங்காலை மீட்டுத் தந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம் என்றே சொல்வேன். வாரத்துக்கு இரண்டு முறை கீரை சாப்பிடுகிற, எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைத்துக்கொண்ட, உடல் எடை கொஞ்சம் இறங்கிய ஒருவரின் முழங்கால் நிம்மதியடையும். அந்த நிம்மதியைக் கீரையின் கணக்கில் எழுதுகிறோம். எழுதிவிட்டுப் போகட்டும்; கீரை வாங்குவது நின்றுவிடக் கூடாது.

*

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் எங்கள் தெருவில் குறைந்துகொண்டே வருகிறது. ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்று வைத்திருந்தார்கள். நல்லெண்ணெயில் ஒரு பூண்டுப் பல், நாலு மிளகு, சீரகம் போட்டு வெடித்ததும் இறக்கிவிடுவார்கள். தலை உச்சியில் வைத்து, பிடரியில் இறக்கி, தோள், முதுகு, இடுப்பு என்று கீழே வந்து, உள்ளங்காலில் முடிப்பார்கள். உள்ளங்காலை மறந்துவிட்டால் ஆயா மறுபடி உட்காரவைப்பார்.

சித்த மருத்துவத்தில் இதற்கு ஒரு முறையான இடம் உண்டு. தொக்கணம் என்று ஒன்பது வகை சொல்லியிருக்கிறார்கள்: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். படிக்கும்போது ஒரு பெரிய மருத்துவ நூல் கையின் அசைவுகளை மட்டுமே இவ்வளவு கவனமாக எண்ணியிருப்பது எனக்கு வியப்பாக இருந்தது. யூகி முனிவர் வாத நோய்களையே 80 என்று வகுத்திருக்கிறார். மூட்டு, முதுகு, நரம்பு, பிடிப்பு, குடைச்சல் எல்லாம் அந்தக் கூட்டத்தில்தான் வரும். அத்தனை வகையாக வலியைப் பார்த்தவர்கள், அதைத் தொடும் விதத்தையும் ஒன்பதாகப் பார்த்ததில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. இன்று அதை முறையாகக் கற்றுச் செய்பவர்கள் அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவுகளில் இருக்கிறார்கள். தாம்பரம் சானடோரியத்தில் 2005இல் தொடங்கிய தேசிய சித்த நிறுவனத்திலும் இருக்கிறார்கள். முதுகில் ஏறி மிதித்தால் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்களிடம் போவதைவிட அங்கே போய் வரிசையில் நிற்கலாம்.

*

எல்லா வீட்டு வைத்தியமும் தோட்டத்திலிருந்து வந்துவிடவில்லை. அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் மஞ்சள் தைலப் புட்டியும் நம்முடையதுதான். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893இல் பம்பாயில் தொடங்கி, பின்னர் சென்னைக்குக் கொண்டுவந்த அமிர்தாஞ்சன், நம் பாட்டிமார்களுக்குச் சுக்கைப் போலவே பழகிவிட்டது. சுக்கைக் கல்லில் இழைத்து நெற்றியில் பற்றிடுவதற்குப் பதிலாக ஒரு விரல் தைலம். ஊட்டிக்குப் போய்வருகிற யாராவது நீலகிரித் தைலம் வாங்கி வருவார்கள். அங்கே கிடைக்கும் விண்டர்கிரீன் தைலத்தில் இருப்பது ஆஸ்பிரினுக்கு நெருங்கிய உறவான ஒரு பொருள்.

அதனாலேயே எச்சரிக்கையும் வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் விண்டர்கிரீனை உடம்பெல்லாம் தேய்த்துக்கொள்ளக் கூடாது. கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சிப் பெரியவர்களின் தோளில் தேய்க்கலாம்; கைக்குழந்தையின் மூக்கருகே கொண்டுபோகக் கூடாது. கற்பூரத்தையோ நீலகிரித் தைலத்தையோ குழந்தை கொஞ்சம் விழுங்கிவிட்டாலும் வலிப்பு வரலாம். வீட்டில் செய்தது, இலையிலிருந்து எடுத்தது என்பதாலேயே ஒன்று சாதுவாகிவிடாது.

*

இந்த ஊரில் வலியைப் பற்றி எழுதிவிட்டு, இங்கே வாழ்ந்த ஞானி ரமணரைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது.

1896 செப்டம்பர் 1ஆம் தேதி, பதினாறு வயதில் இங்கே வந்தவர், 1950 ஏப்ரல் 14ஆம் தேதி உடலை விடும்வரை இந்த மலையை விட்டுப் போகவில்லை. வந்த புதிதில் ஆயிரங்கால் மண்டபத்துப் பாதாள லிங்கக் குழியில் பூச்சிகள் தொடையை அரித்ததும் தெரியாமல் கிடந்தார். பிறகு ஆண்டுக்கணக்காக விருபாட்ச குகையின் கல்லில் இருந்தார். பலமுறை மலையைச் சுற்றினார். ஒருமுறை மலையில் புதரில் அவர் கால் பட்டுக் குளவிக்கூடு கலைந்தபோது, குளவிகள் கொட்டி முடிக்கும்வரை காலை எடுக்காமல் நின்றார்; கூட்டைக் கலைத்தது கால்தானே என்று. அந்தக் கால் வீங்கிப்போய்த்தான் திரும்பினார்.

அப்படிப்பட்டவர் பிற்காலத்தில் முழங்கால் வாதத்துக்குத் தைலம் தேய்க்கவிட்டார் என்பதை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். கைத்தடி ஊன்றி நடந்தார். தொண்டர்கள் கால்களை நீவிவிட்டார்கள். அவர்களை நிறுத்திவிட்டுத் தானே தேய்த்துக்கொண்டதும் உண்டு. உடலைத் தாமல்ல என்று சொன்னவர், அந்த உடலின் முழங்காலுக்கு ஒரு கரண்டி எண்ணெயை மறுக்கவில்லை. விடியுமுன் எழுந்து சமையற்கட்டில் காய் நறுக்கி, அரைத்து, பிசைந்து வேலை செய்தவர் அவர். வலிக்கிற முழங்காலோடுதான் அதையும் செய்திருக்க வேண்டும். அடுப்படியில் நின்று கால் கடுக்கும் எந்தப் பெண்ணுக்கும் அவருடைய ஞானம் எட்டாததாக இருக்கலாம். அவருடைய முழங்கால் எட்டும்.

1914இல் அவருடைய தாய் அழகம்மாள் இங்கே விருபாட்ச குகைக்கு வந்திருந்தபோது கடும் காய்ச்சலில் விழுந்தார். ரமணர் அருகிலேயே இருந்து பார்த்துக்கொண்டார். தாயின் நோய் தீர வேண்டி அருணாசலத்தை நோக்கி நான்கு பாடல்கள் எழுதினார். எதையும் வேண்டிக் கேட்காதவர் என்று நாம் நினைக்கும் ஒருவர், தாயின் உடல் நோவுக்காகக் கேட்டிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பது, பார்த்துக்கொள்வது, கேட்பது. வீட்டு வைத்தியத்தின் மிகப் பழைய மூன்று காரியங்களும் அந்தக் குகையில் நடந்திருக்கின்றன.

பிறகு அவருடைய கை. 1948 கடைசியில் இடது முழங்கைக்குக் கீழே சிறு கட்டியாகத் தெரிந்தது. 1949 பிப்ரவரியில் அவருடைய ஆசிரமத்து மருத்துவர்கள் அதை அறுத்து எடுத்தார்கள். மறுபடி வந்தது. மார்ச்சில் சென்னையிலிருந்து வந்த மருத்துவர் அறுத்தார். சார்கோமா என்ற புற்று என்று தெரிந்தது. ரேடியம் வைத்தார்கள். கையையே எடுத்துவிடலாம் என்றார்கள், ரமணர் சம்மதிக்கவில்லை. ஆகஸ்டில் ஓர் அறுவை, டிசம்பரில் ஓர் அறுவை. இடையிடையே பச்சிலை வைத்தியம், ஆயுர்வேதம், ஹோமியோபதி. யார் எந்த மருந்தோடு வந்தாலும் தடுக்கவில்லை.

பச்சிலை அரைத்துக்கொண்டு ஓடிவந்தவர்களின் அன்பை நான் சிறிதும் குறைத்து எண்ணவில்லை. நேசிக்கும் உடல் வலியில் இருக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது. எதையாவது அரைக்க வேண்டும், கட்ட வேண்டும். ஆனால் புற்று இலைக்குக் கேட்கும் நோயாக இருக்கவில்லை. அந்தக் காலத்து அறுவைக்கும் ரேடியத்துக்குமே அது கேட்கவில்லை. ஒரே உடலில், முழங்காலின் வலி தைலத்தோடு பல ஆண்டுகள் குடித்தனம் நடத்தியது. முழங்கையின் கட்டி ஒன்றரை ஆண்டுக்குள் எல்லாவற்றையும் முடித்தது. இரண்டையும் தொட்டது அன்பு நிறைந்த அதே கைகள்தான்.

ஆசிரமத்துக்குள் அவருடைய சமாதியைச் சுற்றி வரும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடக்கும் வயதானவர்களைப் பார்க்கிறேன். இந்த இரண்டு வலிகளும் எப்போதும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன.

*

ஆயாவிடம் வலி என்று போனால் உடனே சட்டியை அடுப்பில் வைத்துவிட மாட்டார். கேள்வி கேட்பார். "குத்துதா, குடையுதா, இழுக்குதா? ராத்திரி எழுப்புதா? பசி எடுக்குதா? எங்க ஆரம்பிச்சு எங்க போவுது, கையால காட்டு." பதில் சொல்லும்போது முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். சில வலிகளுக்குத் தவிடு வறுத்தார். சில வலிகளுக்கு, "இது என் கையில இல்லடி, டாக்டராண்ட போ" என்று புடவையை மாற்றிக்கொண்டு கூடவே கிளம்பினார். அவருக்குத் தெரிந்த மருந்துகளைவிட, எதற்கு மருந்து தெரியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்ததை நான் பெரிதாக நினைக்கிறேன். அதைத்தான் நாம் இன்று தொலைத்துக்கொண்டிருக்கிறோம். கைபேசியில் வரும் மருந்துக் குறிப்பு எதுவும் நம்மைக் கேள்வி கேட்பதில்லை.

நெஞ்சு இறுகுகிறது, வியர்க்கிறது, வலி இடது தோளுக்கும் தாடைக்கும் ஏறுகிறது என்றால், அதை வாயுப்பிடிப்பு என்று சொல்லி ஓமத்தண்ணீரும் இஞ்சிச் சாறும் கொடுத்துக்கொண்டு உட்காரக் கூடாது. இந்தப் பக்கம் எந்தத் தெருவில் கேட்டாலும் அப்படி விடியும்வரை காத்திருந்து போன ஒருவரைப் பற்றிச் சொல்வார்கள். பெண்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமல் களைப்பும் குமட்டலும் முதுகு வலியுமாகவும் மாரடைப்பு வரலாம். 108க்கு அழைப்பதுதான் அப்போதைய வீட்டு வைத்தியம்.

நெடுந்தூரம் பேருந்தில் உட்கார்ந்து வந்த பிறகு, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாகி வலித்தால் அதை நீவக் கூடாது. உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். நீவினால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். கிரிவலத்துக்கு வெளியூரிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து வருபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். நடந்த வலி இரண்டு காலிலும் இருக்கும்.

முதுகுவலியோடு சிறுநீர் கட்டுப்படாமல் போவது, தொடையிடுக்கு மரத்துப்போவது, மூட்டு சிவந்து கொதித்துக் காய்ச்சலும் அடிப்பது, படுத்தாலும் குறையாத வலியோடு உடல் இளைத்துக்கொண்டே போவது. இவற்றில் ஒன்றுக்கும் நம் அஞ்சறைப்பெட்டியில் எதுவும் இல்லை.

*

குதிகால் வலிக்குச் செங்கல். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது ஆணி ஏறுவது போல வலித்து, பத்து அடி நடந்ததும் குறைகிற வலி அது. உள்ளங்காலின் அடியில் குதிகாலிலிருந்து விரல்களுக்கு ஓடும் தடித்த சவ்வு இழுபட்டிருப்பதால் வருவது. செங்கலை அடுப்பில் சுட வைத்து, அதன்மேல் எருக்கிலையை அடுக்கி, குதிகாலால் மிதித்து மிதித்து எடுப்பார்கள். இலை வதங்கும் வாசனை கூடமெல்லாம் பரவும். எருக்கம்பால் கண்ணில் பட்டுவிடக் கூடாது. இலை பறித்த கையை உடனே கழுவ வேண்டும். இதோடு காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன் ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி விரல்களை நம் பக்கம் இழுத்துப் பிடித்தால், அந்த முதல் அடி கொஞ்சம் லேசாகும்.

இந்தச் செங்கல் எனக்கு அச்சம் தருவது சர்க்கரை நோய் உள்ளவர்களை நினைக்கும்போதுதான். பல ஆண்டு சர்க்கரையில் பாதம் மரத்துப்போயிருக்கும். கல் எவ்வளவு சுடுகிறது என்று கால் சொல்லாது. கொப்புளம் வந்தது மறுநாள் செருப்பில் நீர் ஒட்டும்போதுதான் தெரியும். அந்தப் புண் ஆற மாதக்கணக்காகும். சில சமயம் விரலைக் கொடுத்துவிட்டுத்தான் ஆறும். அவர்களுக்குச் செங்கலும் வேண்டாம், கொதிநீரும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீர் போதும். அதையும் வேறொருவர் தன் கையை விட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். வெறுங்கால் கிரிவலமும் அவர்களுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. மெல்லிய செருப்போடு சுற்றினால் அண்ணாமலையார் கோபித்துக்கொள்ள மாட்டார். முடித்ததும் விளக்கடியில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். கண் தெரியாவிட்டால் கூட வந்தவர் பார்க்கட்டும்.

*

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நொச்சிப் போத்து கேட்டு அக்கம்பக்கத்தில் வருகிறார்கள். கட்டைவிரல் கனமுள்ள முற்றிய கிளையில் ஒரு முழம் வெட்டி, சாய்வாக, பாதி மண்ணுக்குள் போகும்படி ஊன்றினால் போதும். மழை ஈரத்திலேயே துளிர்விடும். மொட்டைமாடித் தொட்டியில் வைப்பவர்கள் அகலமான தொட்டியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். வேர் ஓடும் செடி. அடுத்த கோடைக்குள் இரண்டு பிடி இலை பறிக்கலாம். வாசனைக்கு ஆடு மாடு பக்கத்தில் வராது, அதனால் வேலி கட்ட வேண்டியதில்லை.